உடம்பு பழசு, கண்ணும் காதும் புதுசு: கார் எஞ்சின் உண்மையில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது?

கேள்வி இது: 1960களின் கார் எஞ்சின் ஒன்றையும் இன்றைய எஞ்சின் ஒன்றையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் அதே பிஸ்டன், அதே கனெக்டிங் ராடு, அதே கிராங்க், அதே வால்வு, அதே ஸ்பார்க் பிளக்தான் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் என்னதான் முன்னேறியது? பழைய இரும்பைச் சுற்றி ஒயரையும் சென்சாரையும் மாட்டிவிட்டுப் புதுசு என்று விற்கிறார்களா?

கேட்டவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவதிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் என்ற முறையில், மீதிப் பாதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

இன்றைக்கு விளம்பரத்தில் 'நவீனம்' என்று வருகிற பெரும்பாலான விஷயங்களின் பிறந்த தேதியைத் தேடிப் போனால் ஆச்சரியமாக இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டியது 1876இல். சிலிண்டர் தலையின் மேல், வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு என்ற அமைப்பு 1990களில் கார்களின் பின்புறம் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெஜோ நிறுவனத்தின் பந்தயக் கார் அதே அமைப்போடு 1912இலேயே பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்றுவிட்டது. புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு அடிப்படையான காப்புரிமையை சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி வாங்கியது 1905இல். இன்றைய ஹைபிரிட் கார்களில் பெருமையோடு பேசப்படும் அட்கின்சன் சுழற்சி, ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1880களில் யோசித்தது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் முறை 1954இல் மெர்சிடஸ் 300 எஸ்எல் காரில் வந்தாயிற்று. டீசல் எஞ்சின் வைத்த மெர்சிடஸ் 260 டி 1936இல் கடைக்கு வந்தது.

ஆகவே யோசனைகளைப் பொறுத்தவரை 1930களுக்குப் பிறகு அடிப்படையாகப் புதிதாக வந்தது குறைவு என்றே சொல்வேன். அச்சையே மாற்றப் பார்த்த முயற்சியும் உண்டு. வாங்கல் சுழல் எஞ்சின் 1964இல் என்எஸ்யு காரில் வந்தது. மஸ்தா அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சீல்களின் தேய்மானமும் எரிபொருள் பசியும் அதை ஓரங்கட்டிவிட்டன. பிஸ்டனே ஜெயித்தது.

சரி, யோசனை எல்லாம் பழசு என்றால் அவை ஏன் அப்போதே ஒவ்வொரு காரிலும் வரவில்லை? என் பதில் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. மூன்று பழைய தோல்விகளைச் சொன்னால் புரியும்.

1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் 'எலக்ட்ரோஜெக்டர்' என்ற மின்னணு எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. இன்றைய முறையின் நேர் மூதாதை அது. சுமார் 35 கார்களோடு முடிந்துபோனது. அந்தக் காலத்து மின்னணுப் பாகங்களால் எஞ்சின் அறையின் சூட்டையும் அதிர்வையும் தாங்க முடியவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். அடுத்தது, 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போ கார். டர்போ காற்றைத் திணித்தால் கலவை நேரம் தவறித் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டும், அதாவது நாக்கிங் வரும். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். உரிமையாளர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், டர்போவின் பயனும் போனது. இரண்டே வருடத்தில் கதை முடிந்தது. மூன்றாவது, 1981 கேடிலாக். எட்டு சிலிண்டரில் தேவையில்லாத நேரத்தில் இரண்டையோ நான்கையோ தூங்க வைக்கும் எஞ்சின். யோசனை அருமையானது. ஆனால் அன்றைய நுண்கணினி போதுமான வேகத்தில் யோசிக்கவில்லை. வண்டி குலுங்கியது, தயங்கியது. பலர் அந்த அமைப்பையே துண்டித்துவிட்டு எட்டு சிலிண்டரிலும் ஓட்டினார்கள். அதே வித்தையை இன்று ஃபோர்டு தன் மூன்று சிலிண்டர் எஞ்சினிலேயே செய்கிறது. ஓடும்போது ஒரு சிலிண்டர் தூங்குவதும் விழிப்பதும் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை.

மூன்றிலும் இரும்பு தோற்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும், பார்த்ததற்கு ஏற்ப உடனே கையை மாற்றவும் வழியில்லாமல் தோற்றார்கள். எஞ்சினின் உடம்பு அப்போதே வளர்ந்துவிட்டது. கண்ணும் காதும்தான் இல்லை.

எவ்வளவு குருடாக ஓடியது என்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேன். தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். அதைத்தான் பாயின்ட் என்போம். முழுதாகத் திறந்திருக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நடுவில் விட்டு, இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசாக உரசுகிறதா என்று விரல் நுனியால் உணர வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கும்போது இடைவெளி கொஞ்சம் நகர்ந்துவிடும். மறுபடியும் தளர்த்தி, மறுபடியும் பார்க்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வைத்ததும், சில ஆயிரம் கிலோமீட்டரில் புள்ளி கருகி, தேய்ந்து, தீப்பொறி விழும் நேரம் தானாகவே தள்ளிப்போய்விடும். அதாவது, சர்வீஸ் செய்த அன்றைக்கு மட்டுமே அந்த எஞ்சின் சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து சரிவுதான்.

கார்புரேட்டரும் அப்படியே. துளையிட்ட பித்தளை ஜெட் ஒன்று, காற்று வேகமாகப் போகும்போது பெட்ரோலைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும் எளிய தந்திரம் ஒன்று. அழகான பொருள்தான், இன்றைக்கும் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஆனால் மலையில் காற்று மெலிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. குளிர்ந்திருக்கிறது என்றும் தெரியாது. அதை நாம் சோக்கை இழுத்துச் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவு போகிறதா என்பதும் தெரியாது. ஓரத்து சிலிண்டர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி வைப்பார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கார்புரேட்டருக்கு அளக்கும் கருவியே கிடையாது.

இப்போது இன்றைய எஞ்சினைப் பாருங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், நெடுஞ்சாலையில் சாதாரண வேகம். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை தீ பிடித்து அணைகிறது. கிராங்க் ஒரே ஒரு டிகிரி திரும்ப ஒரு வினாடியில் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். கிராங்க் ஓரத்துப் பற்சக்கரத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வரும் காற்றின் எடை, அதன் வெப்பம், தண்ணீரின் வெப்பம், ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, போன புகையில் ஆக்சிஜன் மிச்சம் உண்டா என்று எல்லாம் பார்த்து, கணினி அடுத்த தீப்பிடிப்புக்கு இத்தனை மில்லிகிராம் பெட்ரோல், இத்தனையாவது டிகிரியில் தீப்பொறி என்று கணக்குப் போட்டு முடிக்கிறது. அதற்கடுத்த தீப்பிடிப்புக்கு மறுபடி புதுக் கணக்கு. ஐடிலில் ஒரு தடவைக்குப் பீய்ச்சும் பெட்ரோலின் எடை சில மில்லிகிராம்தான். இதைப் 'வெறும் எலக்ட்ரானிக்ஸ்' என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தீயைக் கையாளும் முறையே மாறிவிட்டது.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பெண்டிக்ஸின் காப்புரிமைகள் பிறகு பாஷ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. டிரான்சிஸ்டர் வந்த பின், 1967இல், பாஷின் டி-ஜெட்ரானிக் முறை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. முதலில் போனது அமெரிக்கச் சந்தைக்கு. காரணம் வேகமோ மைலேஜோ இல்லை. புகைச் சட்டம்.

எஞ்சின் வரலாற்றிலேயே மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால் குதிரைத்திறனைச் சொல்ல மாட்டேன், புகையைத்தான் சொல்வேன். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. முடியவே முடியாது என்று கார்த் தொழிலே கூச்சல் போட்டது. ஹோண்டா மட்டும் 1975 மாடல் சிவிக்கில் சிவிசிசி என்ற எஞ்சினைக் கொண்டுவந்து, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே செய்து காட்டியது. மற்றவர்கள் 1975 மாடலிலிருந்து கன்வெர்ட்டரை மாட்டினார்கள். கன்வெர்ட்டர் என்பது தேன்கூடு மாதிரி நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். ஆகவே ஈயம் போக வேண்டியதாயிற்று. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸின் தாமஸ் மிட்க்லி நாக்கிங்கை நிறுத்தக் கண்டுபிடித்த அந்த ஈயம், ஐம்பது வருடம் தெருவெல்லாம் விஷமாகப் படிந்திருந்தது. உலகத்தின் கடைசி நாடாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல்தான்.

இங்கேதான் கண் திறந்தது. மூன்று வகை விஷத்தையும் ஒரே கன்வெர்ட்டர் சுத்தம் செய்ய வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை மயிரிழை பிசகாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிக்கிறது, கொஞ்சம் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு தப்பிக்கிறது. எந்தக் கார்புரேட்டராலும் அதைப் பிடிக்க முடியாது. அதற்காகப் பிறந்ததுதான் லாம்ப்டா சென்சார். சைலன்சர் குழாயில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சிர்கோனியா முனை. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம் காட்டும், குறைந்தால் 0.9 வோல்ட் பக்கம் தாவும். அந்தத் தாவலைப் பார்த்துக்கொண்டே கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். வோல்வோ தன் 1977 மாடல் காரில் கலிபோர்னியாவுக்கு இதை அனுப்பியது. வெளியே போனதைப் பார்த்து உள்ளே போவதைத் திருத்திக்கொள்வது எஞ்சின்களில் அதுவரை நடக்காத காரியம். என் கணக்கில் எஞ்சின் நவீனமான நாள் அதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1970 மாடல் கார்களோடு ஒப்பிட்டால் இன்றைய புதுக் கார்கள் பொதுவான மாசுகளில் ஏறக்குறைய 99 சதவீதம் சுத்தம் என்கிறது. ஷெட்டுக்குள் பழைய கார் ஒன்றை ஸ்டார்ட் செய்து கண்ணெரிச்சலோடு வெளியே ஓடி வந்தவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் புரியும்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1970களின் நடுப்பகுதி பவரைப் பொறுத்தவரை இருண்ட காலம். 1976இல் கேடிலாக்கின் 8.2 லிட்டர் எஞ்சின் கொடுத்தது வெறும் 190 குதிரைத்திறன். 1970இல் அதே எஞ்சினுக்கு 400 என்று விளம்பரம். அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. 1972 வாக்கில் அமெரிக்காவில் எல்லா உறுப்புகளும் மாட்டிய நிலையில் அளக்கத் தொடங்கினார்கள். பழைய கார்களின் காகித எண்களைப் பார்த்துப் 'அந்தக் காலத்து பவர்' என்று பெருமூச்சு விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்று பார்த்தால் படம் தெளிவாகும். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி, 2.9 லிட்டரில் 20 குதிரைத்திறன், லிட்டருக்கு 7. 1959 மினி, 848 சிசியில் 34, லிட்டருக்கு 40. மேலே சொன்ன கேடிலாக் 23தான். 1989இல் ஹோண்டா விடெக் எஞ்சின், டர்போ இல்லாமல் 1.6 லிட்டரில் 160, லிட்டருக்கு 100. 2012இல் ஃபோர்டின் ஒரு லிட்டர் டர்போ 125 கொடுத்தது. அதன் பிளாக் ஒரு ஏ4 தாள் மேல் நின்றுவிடும். 2019இல் மெர்சிடஸ் ஏஎம்ஜியின் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் 421. லிட்டருக்கு 210ஐத் தாண்டுகிறது, வாரண்டியோடு. பவர் விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை.

சிக்கனம் வேறு கதை, அங்கே இயற்கை விட்டுக்கொடுப்பதில்லை. எஞ்சினின் சிக்கனத்துக்கு ஆணிவேர் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது உள்ளே வந்த கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறோம் என்பது. ஓட்டோ சுழற்சியின் இலட்சியக் கணக்குப்படி, விகிதம் 4 என்றால் 43 சதவீத வெப்பத்தை வேலையாக மாற்றலாம். 8 என்றால் 56. 10 என்றால் 60. 14 என்றால் 65. நான்கிலிருந்து எட்டுக்கு ஏறியபோது 13 புள்ளி கிடைத்தது. பத்திலிருந்து பதினான்குக்கு அதே நான்கு படி ஏறினால் ஐந்துதான் கிடைக்கிறது. மாடல் டி காலத்தில் 4 சுற்றிலும் இருந்த விகிதம் 1960களிலேயே 9, 10 என்று வந்துவிட்டது. எளிதில் கிடைக்கும் பங்கை முந்தைய தலைமுறை பறித்துவிட்டது. அதற்கு மேல் ஏறுவதைத் தடுத்தது நாக்கிங்.

இங்கே காது வருகிறது. பிளாக்கில் ஒரு சிறு பீசோ சென்சாரைத் திருகி வைத்தார்கள். எஞ்சின் தட்டத் தொடங்கும் அந்தக் குறிப்பிட்ட அதிர்வை மட்டும் அது கேட்கும். கேட்ட உடனே கணினி தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும், அப்புறம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு முன்னே நகர்த்தும். சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இதே காதை வைத்து, தட்டும்போது டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு காவலை வைத்தது. இருபது வருடம் முன்பு ஜெட்ஃபயரைக் கொன்ற பிரச்சினைக்கு மருந்து அதுதான். நேரடி இன்ஜெக்‌ஷனும் சேர்ந்தபின், சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகும் பெட்ரோல் அங்குள்ள காற்றைக் குளிர்விக்கிறது. இதனால் மஸ்தாவால் சாதாரண பெட்ரோலிலேயே 14 வரை போக முடிந்தது. 1980இல் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொரு பெரிய ஓட்டை, பாதி ஆக்சிலரேட்டரில் ஓடும்போது ஏற்படும் உறிஞ்சல் இழப்பு. ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கம் இழுத்துப் பாருங்கள். கை வலிக்கும். காற்று உள்ளே வரும் கதவான திராட்டில் பாதி மூடியிருக்கும்போது ஒவ்வொரு பிஸ்டனும் அந்த வலியோடுதான் இறங்குகிறது. நகரத்தில் நாம் ஓட்டும் நேரமெல்லாம் இப்படித்தான். எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ போடுவது, சிலிண்டரைத் தூங்க வைப்பது, பிஎம்டபிள்யூ 2001இல் கொண்டுவந்த மாதிரி வால்வு திறக்கும் உயரத்தையே மாற்றுவது என்று எல்லாம் இந்த ஒரு ஓட்டையை அடைக்கும் வெவ்வேறு வழிகள். டொயோட்டா பிரியஸ் 1997இல் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வைச் சற்று நேரம் திறந்தே வைக்கிறார்கள். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பப் போய்விடும். அமுக்குவது குறைவு, விரிவது அதிகம். அட்கின்சன் அந்தக் காலத்தில் சிக்கலான கம்பிகளை வைத்துச் செய்ததை இங்கே வால்வின் நேரத்தை மாற்றியே செய்துவிட்டார்கள். அதில் குறையும் இழுவையை மின்மோட்டார் ஈடுகட்டுகிறது.

பலன் எவ்வளவு? ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897இல் சோதித்தபோது 26 சதவீதத்தைத் தொட்டது. 2015 பிரியஸின் பெட்ரோல் எஞ்சின் 40ஐத் தொட்டது. 2017இல் மெர்சிடஸின் ஃபார்முலா 1 எஞ்சின், புகையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியோடு, சோதனை மேடையில் 50ஐத் தாண்டியது. 120 வருட உழைப்பில் 26இலிருந்து 40 என்பது ஏமாற்றமாகத் தெரியலாம். இயற்கையின் மேல்வரம்பைத் தெரிந்தவர்களுக்கு அது மலையேற்றம். இன்னொன்று, 40 என்பது எஞ்சின் தனக்குப் பிடித்த ஒரு வேகத்தில், ஒரு சுமையில் ஓடும்போது கிடைக்கும் உச்சம். நெரிசலில் ஊரும்போது கணிசமாகக் குறையும். ஆகவே உச்ச எண்ணை விட, உச்சத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதே பணப்பைக்கு முக்கியம்.

"அப்படியென்றால் என் காரின் மைலேஜ் ஏன் இரண்டு மடங்கு ஆகவில்லை?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. நீண்ட காலக் கணக்கு கிடைப்பது அமெரிக்காவில். அங்கே 1975இல் விற்ற புது வண்டிகளின் சராசரி, லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர். 1987இல் ஒன்பதைத் தாண்டியது. 2004இல் எட்டு பக்கம் இறங்கிவிட்டது! 2022இல் பதினொன்று. நடுவில் இறங்கிய அந்தப் பதினேழு வருடமும் எஞ்சின்கள் மேம்பட்டுக்கொண்டேதான் இருந்தன. கிடைத்த லாபம் முழுவதையும் எடையும் வேகமும் விழுங்கிவிட்டன. 1975இல் சராசரி 137 ஆக இருந்த குதிரைத்திறன் இப்போது 250ஐத் தாண்டிவிட்டது. எண்பதுகளில் ஒன்றரை டன் பக்கம் இருந்த எடை இப்போது இரண்டு டன்னை நெருங்குகிறது. எஞ்சின்காரர்கள் சேமித்துக் கொடுத்ததை, பெரிய வண்டியும் துள்ளும் பிக்கப்பும் கேட்டு நாம்தான் செலவழித்தோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இன்றைய எஞ்சின் ஒன்றை 1974இன் எண்ணூறு கிலோ கோல்ஃப் மாதிரி லேசான வண்டியில் வைத்தால் எப்படி இருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

உழைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதில்தான் கேள்வி கேட்டவரைப் போன்றவர்கள் பழைய எஞ்சினின் பக்கம் நிற்கிறார்கள். 'பழசு இரும்பு, காலத்துக்கும் உழைக்கும்' என்பது என் அனுபவத்தில் உண்மையில்லை. பழைய கார்கள் பலவற்றில் ஓடிய தூரம் காட்டும் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். அதற்கு மேல் ஓடும் என்று செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை. தலையைக் கழற்றிக் கரி சுரண்டுவது, வால்வு அரைப்பது, சிலிண்டரை ரீபோர் செய்து பெரிய சைஸ் பிஸ்டன் போடுவது எல்லாம் சாதாரணப் பராமரிப்பாக இருந்தது.

இப்போது ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய நல்ல எஞ்சினின் தலையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால், தொழிற்சாலையில் ஹோனிங் செய்தபோது, அதாவது சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கியபோது விழுந்த குறுக்குக் கோடுகள் சுவரில் இன்னும் தெரியும். முதன்முறை பார்த்தபோது விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். நகத்தில் தட்டுகிற விளிம்பு இல்லை. அதே தூரம் ஓடிய பழைய எஞ்சினில், பிஸ்டனின் மேல் ரிங் நிற்கும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். அதைச் சீவி எடுக்கவே தனிக் கருவி வைத்திருந்தோம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றல்ல. கார்புரேட்டர் குளிரில் கூடுதலாக ஊற்றிய பெட்ரோல் சுவரிலிருந்த எண்ணெயைக் கழுவிவிடும். அது நின்றது. ஈயம் போனதால் அரிக்கும் அமிலமும் பிளக்கில் படியும் அழுக்கும் போயின. ரிங்குகள் மெல்லியதாகி லேசாக அழுத்துகின்றன. கெட்டியான 20-50 எண்ணெய் போட்ட இடத்தில் தண்ணீர் மாதிரி ஓடும் 0-20 எண்ணெய் போகிறது, ஸ்டார்ட் செய்த நொடியே மேலே ஏறிவிடுகிறது. எந்தப் பத்திரிகையும் அட்டைப்படம் போடாத முன்னேற்றங்கள் இவை. ஆனால் கார் வைத்திருப்பவருக்கு அதிகம் சேமித்துக் கொடுத்தது இவைதான்.

இழந்ததும் உண்டு, மறைக்க மாட்டேன். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவாது. அதனால் அங்கே கரி கட்டிக்கொள்ளும். உடைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து அந்தக் கரியை எடுக்கிறோம். எண்ணெய்க்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் சில எஞ்சின்களில் இழை இழையாக உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கிறது. அப்படி ஒன்றை என் கையாலேயே சுரண்டி எடுத்திருக்கிறேன். ஒரு லிட்டரில் இவ்வளவு பவர் எடுக்கும்போது ஆயில் மாற்றத் தாமதித்தால் அது மன்னிக்காது. பழைய மடத்தனமான எஞ்சின் மன்னிக்கும். ஓரமாக நிறுத்தி, பாயின்டைத் தேய்த்து, ஜெட்டை ஊதிவிட்டு வீடு வந்து சேர்ந்த காலம் போய்விட்டது. அப்புறம், கணினியின் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால் அதைப் பொய் சொல்லவும் வைக்கலாம். 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி அதைக் காட்டியது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் சுத்தமாக ஓடும்படி மென்பொருளை எழுதியிருந்தார்கள். லாம்ப்டா சென்சார் காலத்திலிருந்து இந்தத் துறையை நேசித்தவர்களுக்கு அது நெஞ்சில் விழுந்த அடி.

இன்னும் போக இடம் இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. நிசான் 2018இல் ஓடும்போதே கம்ப்ரெஷனை 8இலிருந்து 14 வரை மாற்றும் எஞ்சினை இன்ஃபினிட்டி காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு நெம்புகோல் வைத்து, பிஸ்டன் ஏறும் உயரத்தையே மாற்றுகிறார்கள். மஸ்தா 2019இல், தீப்பொறியால் ஒரு சிறு நெருப்பைத் தொடங்கி, அதன் அழுத்தத்தால் மீதிக் கலவை டீசல் மாதிரி தானே பற்றும்படி செய்தது. பல பத்தாண்டுகள் ஆய்வுக்கூடத்திலேயே இருந்த கனவு அது. அடுத்த பற்றலுக்கு முன் சிலிண்டருக்குள் என்ன நிலவரம் என்று ஒவ்வொரு முறையும் அழுத்த சென்சார் பார்த்துச் சொன்னால்தான் அது ஓடும்.

பழைய எஞ்சினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் பிஸ்டனைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். புதியதின் பிளாக்கில் இரண்டு சிலிண்டருக்கு நடுவே, நடுவில் போல்ட் போட்ட வளையல் மாதிரி ஒரு சின்னக் கறுப்பு வட்டம் இருக்கும். அதுதான் நாக் சென்சார். பழையதில் அந்த இடத்தில் வெறும் வார்ப்பிரும்பு மட்டும் இருக்கும்.